ஈய அங்கி வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மகன் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில், குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுக்கும் வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். 5 மில்லிமீட்டர் ஈயம் வைத்தால் கதிர் பாதியாகிவிடுமாம். அப்படியானால் 10 மில்லிமீட்டரில் முழுவதும் நின்றுவிடும்தானே? எக்ஸ்ரே அறையில் அணிகிற ஈய அங்கியை நானே வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, துவாக்குடி

பதில்: அங்கிக்கு வைத்திருக்கும் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள், அம்மா. அதில் இருப்பது அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமம். எக்ஸ்ரே அறையின் சிதறல் கதிருக்கு அது போதும். உங்கள் மகன் கையாளுவது இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகமாக இருக்கும். அதன் காமா கதிரில் நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் அந்த அங்கி தடுக்கும். 5 மில்லிமீட்டரில் தைத்தால் எடை முப்பது கிலோவைத் தாண்டும், தடுப்பது பாதி.

நம் தாத்தாக்கள் படித்த கீழ்வாய் இலக்கம் என்ற பின்ன வாய்பாடு நினைவிருக்கிறதா? இந்தக் கணக்குக்கென்றே செய்தது போலிருக்கும். 5 மில்லிமீட்டரில் அரை, 10-இல் கால், 15-இல் அரைக்கால் (எட்டில் ஒன்று), 20-இல் மாகாணி (பதினாறில் ஒன்று). ஒவ்வொரு தகடும் மிச்சத்தில்தான் பாதியைக் குறைக்கும். ஆயிரத்தில் ஒன்றாக்க 50 மில்லிமீட்டர் வேண்டும்; பூஜ்யம் வரவே வராது. இரிடியத்துக்குப் பதில் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் என்றால் பாதியாக்கவே 12 மில்லிமீட்டருக்கு மேல் ஆகும். கான்கிரீட் மலிவு, ஆனால் இரிடியத்தைப் பாதியாக்க சுமார் 45 மில்லிமீட்டர் கேட்கும்.

தடிமனை மட்டும் நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். தொழில் பழகிய நாளில் ஈயத் தகடுகளை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். மேஸ்திரி, கதிரை அளக்கும் சர்வே மீட்டரைத் தகடுகள் சேரும் இடத்துக்கு நேரே பிடித்தார். முள் துள்ளியது. சுண்டுவிரல் நுழையாத இடுக்குதான். அன்றிலிருந்து தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படிதான் வைத்தேன்.

இன்னொன்று, செலவே இல்லாதது. 2 மீட்டர் தள்ளி நிற்பவன் 4 மீட்டருக்கு நகர்ந்தால் கதிர் கால் பங்காகிவிடும். 10 மில்லிமீட்டர் ஈயம் தருகிற பலன் அது!

மகனிடம் அங்கியைப் பற்றிக் கேட்காதீர்கள். படம் எடுத்து முடிந்ததும் ஹேண்டிலைச் சுற்றி இரிடியத்தைக் கேமராவுக்குள் (அதை வைத்திருக்கும் கவசப் பெட்டிக்குள்) இழுத்துக்கொண்ட பிறகு, மீட்டரைக் கையில் பிடித்து, முள்ளைப் பார்த்தபடிதான் அருகே போகிறானா என்று கேளுங்கள். "ஹேண்டில் முழுக்கச் சுற்றிவிட்டேன், உள்ளேதான் இருக்கும்" என்று பதில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.