மலேவிச்சின் பாதிக் கறுப்புச் சதுரம் – கடிதம்

வணக்கம்.

ரஷ்ய ஓவியர் கஸிமிர் மலேவிச் 1913இல் 'சூரியன் மீதான வெற்றி' என்ற ஆபராவுக்கு (இசை நாடகம்) வரைந்த அரங்க ஓவியங்களில், ஐந்தாம் காட்சிக்கானதை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். சதுரத்துக்குள் சதுரம், உள்ளே மூலைவிட்டமாக ஒரு பிரிவு, பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இதுதான் 'கறுப்புச் சதுர'மா? எங்கள் நாடகக் குழு இதைப் படுதாவாக எழுத நினைக்கிறது. பெயிண்டர் "அரை நாள் வேலை" என்கிறார்.

க.

அன்புள்ள க,

இது கறுப்புச் சதுரம் அல்ல. வெள்ளைப் பின்னணியில் முழுக் கறுப்புச் சதுரமான அந்த ஓவியம் 1915இல் வரையப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் பெத்ரோகிராதின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) '0,10' கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதற்கு 1913 என்று தேதியிட்டவர் மலேவிச்சேதான்; அதன் கரு இந்த ஆபரா வேலையில் பிறந்தது என்பது அவர் கட்சி. தொடர்பு உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

நாடகத்தில் இது எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் அங்கத்தில் சூரியனைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். ஐந்தாம் காட்சி இரண்டாம் அங்கத்தின் தொடக்கம். இடம் 'பத்தாவது நாடு'. சூரியன் போன பிறகு வருகிற திரை இது. கவிஞர் க்ருச்சோனிக் எழுதி மத்யூஷின் இசையமைத்த இந்த ஆபராவில், அதே நகரின் லூனா பார்க் அரங்கின் ஸ்பாட் லைட்டுகள் நடிகர்களின் உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டியதை நேரில் கண்ட கவிஞர் லிவ்ஷித்ஸ் எழுதியிருக்கிறார். ஆகவே ஒளியை விட்டுவிட்டுப் படுதாவை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இனி அளவு. அந்தப் பென்சில் சித்திரம் 21க்கு 27 செ.மீ. தாளில் இருக்கிறது. தாளின் விளிம்பை மேடையின் விளிம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைந்த வெளிச்சதுரத்தைத்தான் அளக்க வேண்டும். உங்கள் அச்சுப் படத்தில் அது 16 செ.மீ. என்றால், 4 மீட்டர் உயரத்துக்கு 1 செ.மீ. = 25 செ.மீ. உள்சதுரத்தையும் அதே விகிதத்தில் பெருக்குங்கள், கண்மதிப்பில் போடாதீர்கள். 4 மீட்டர் சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் 5.66 மீட்டர் வரவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சதுரம் கோணிவிட்டது. பூவேலை நிறைந்த படுதாவில் இந்தக் கோணல் மறைந்துவிடும், இதில் கடைசி வரிசைக்கும் தெரியும்.

காடா துணி ஈரம் பட்டால் சுருங்கும். அதனால் முதலில் சட்டத்தில் அடித்து, வெள்ளைப் பசையைச் சுமார் ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்துப் பூசி, முழுக்கக் காய்ந்தபிறகே கோடு போடுங்கள். வரைந்துவிட்டுப் பசை பூசுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. துணி முழுவதும் வெள்ளை இரண்டு கை. பிறகு சுண்ணப்பொடி தோய்த்த நூலை உள்சதுரத்தின் மூலைக்கு மூலை இழுத்துத் தெறிக்கவிட்டு, கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் மறுபடி வெள்ளையை மெல்லிசாகத் தடவுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது வெள்ளையாகவே இருக்கும். அது காய்ந்தபின் பூசும் கறுப்பு கத்தி வெட்டியதுபோல் நிற்கும். எனாமல் வேண்டவே வேண்டாம், விளக்கில் பளபளத்துச் சாம்பலாகத் தெரியும். பளபளப்பில்லாத எமல்ஷன் போதும். காயும் நேரத்தோடு சேர்த்தால் இரண்டு நாளாவது ஆகும், பெயிண்டரிடம் சொல்லுங்கள்.

கறுப்புப் படுதாவை மடித்தால் மடிப்பு வெள்ளைக் கீறலாகிவிடும். குழாயில் சுருட்டி வையுங்கள். தொங்கவிடும்போது கீழ் மடிப்பிலும் ஒரு குழாய் செருகுங்கள். துணி தளர்ந்தால் ஒவ்வொரு சுருக்கமும் பக்கவாட்டு ஒளியில் நிழல் போடும்.

நேர் எதிரே இருந்து விளக்கு அடித்தால் கறுப்பு வெளுத்து, நடிகர் நிழலும் அதில் விழும். படுதாவிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் நடிகர்களை நிறுத்தி, பக்கவாட்டில் உயரத்திலிருந்து அடியுங்கள். வெளிச்சதுரத்தைத் தனிச் சட்டமாக முன்னால் நிறுத்துவதாக இருந்தால், ஓர இருக்கையிலிருந்து ஒரு கயிற்றைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டிப் படுதா வரை பிடித்துப் பாருங்கள். கயிறு உள்சதுரத்துக்குள் போய் முட்டினால் அந்த இருக்கைக்காரருக்குச் சதுரம் முழுதாகத் தெரியாது. சட்டத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதுதான்.