ஈறுகளில் ரத்தம் வராதது நல்ல அறிகுறியா?

கேள்வி: எனக்கு வயது 41. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். இருபது வருடங்களாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் புகைக்கிறேன். வாடை தெரியாமல் இருக்க ஒவ்வொரு முறையும் புதினா மிட்டாய் போட்டுக்கொள்வேன். இரண்டு வேளையும் பல் துலக்குகிறேன். ஈறுகளில் ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை. ஆனாலும் ஒரே வருடத்தில் ஈறை ஒட்டி மூன்று பற்களில் சொத்தை விழுந்துவிட்டது. ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிடும் என் மனைவிக்குச் சொத்தையே இல்லை. சிகரெட் கிருமிகளை வளர்க்குமா? மருந்து ஊற்றி வாய் கொப்பளித்தால் போதுமா?

பதில்: சிகரெட்டுக்கும் உங்கள் சொத்தைக்கும் தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், ரத்தம் வந்ததே இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. நிகோடின் ஈறுகளில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் ஈறு நோய் முற்றியிருந்தாலும் புகைப்பவர்களுக்குச் சிவப்பு, வீக்கம், ரத்தக் கசிவு எதுவும் சரியாக வெளியே தெரியாது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கமிருந்து, ‘வலியில்லை, ரத்தமில்லை, பல் மட்டும் ஆடுகிறது’ என்று யாராவது வந்தால், பீடியா சிகரெட்டா, எத்தனை வருடமாக என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

இனி கிருமிகள். மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட வகைப் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தொல்லை தராதவை. கெட்டவற்றுக்கு இடம் கொடுக்காமல் நமக்குக் காவலாகவும் இருப்பவை. புகை இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஆக்சிஜன் குறையக் குறைய, அது இல்லாமலே பிழைக்கக்கூடிய போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற ஈறு நோய்க் கிருமிகள் பெருகும். அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களின் திறனையும் புகையிலை மழுங்கடிக்கிறது.

ஆனால் சொத்தை விழுவதற்குச் சர்க்கரையும் வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் நிகோடின் சேர்த்து வளர்த்தபோது இந்தக் கிருமி பல்லின் மேல் இன்னும் தடிமனான படலமாகப் படிந்தது. நீண்ட காலம் புகைப்பவர்களின் உமிழ்நீருக்கு அமிலத்தை முறிக்கும் ஆற்றல் குறைவதாகவும் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த நிலையில்தான் உங்கள் மிட்டாய் வருகிறது. ஒரு மிட்டாயைச் சப்பினால் வாயில் அமிலம் அடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மிட்டாய் என்றால் தினமும் ஆறு மணி நேரம். டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயோடு ஒரு சிகரெட் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியின் தட்டில் இருப்பதும் உங்கள் தட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கலாம். தட்டுக்கு வெளியே நீங்கள் சாப்பிடுவது வேறு. சொத்தை ஈறை ஒட்டியே வருவதற்கும் காரணம் இருக்கிறது. ஈறு இறங்கினால் பல்லின் வேர் வெளியே தெரியும். அதன் மேல் எனாமல் கிடையாது. எனாமலைக் கரைக்கப் போதாத லேசான அமிலமே வேரைக் கரைத்துவிடும். கறை போக வேண்டுமென்று கரித்தூள், செங்கல் தூள் கொண்டு தேய்க்கும் வழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். அது அந்த இடத்தைத்தான் முதலில் தேய்க்கும்.

கொப்பளிக்கும் மருந்து மட்டும் போதாது. அது மேலோட்டமாக இருப்பவற்றைத்தான் கொல்லும், படலத்துக்குள் சரியாக இறங்காது. குளோர்ஹெக்ஸிடின் மருந்தை மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை பிடிக்கும்.

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கின் ஆழத்தை மருத்துவரிடம் அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் போனால் பற்காரையை அகற்றி வேர்வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து எளிதாகப் போகக்கூடியது, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஃபுளோரைடு பேஸ்ட்டால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். மிட்டாய்க்குப் பதிலாகச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் வைத்துக்கொள்ளலாம்.

புகைப்பதை நிறுத்துங்கள் என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இரவெல்லாம் மணலி சாலையில் லாரி வரிசையில் காத்திருப்பவருக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிகோடின் சூயிங்கமும் உதவும். அதை விடாமல் மெல்லக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நிறுத்திய சில வாரங்களில் ஈறுகளில் ரத்தம் வரலாம். பயந்துபோய் மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள்; சுருங்கிக் கிடந்த ரத்த ஓட்டம் திரும்புகிறது, அவ்வளவுதான். அது நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல்லைப் பிடுங்கிய பிறகு குறைந்தது மூன்று நாட்களுக்குச் சிகரெட்டைத் தொடவே கூடாது. புகையை இழுக்கும்போது குழியில் உறைந்த ரத்தக் கட்டி பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, தாங்க முடியாத வலி வரும். பிடுங்கும் மருத்துவரிடம் நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் என்பதைக் குறைக்காமல் சொல்லிவிடுங்கள்.