சிறிய வீட்டுப் பட்டறைக்கு எந்த மேசை ரம்பம்?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீட்டில் ஓர் அறையைத் தச்சுப் பட்டறையாக்கியிருக்கும் நீங்கள், புத்தக அலமாரி, சிறு மேசை போன்றவற்றைச் செய்ய இடத்தை அடைக்காத மேசை ரம்பம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரின் வாட்டையும் பிளேடின் விட்டத்தையும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பலகையை அணைத்து நேராகச் செலுத்தும் ஃபென்ஸ் சரியாக நிற்கிறதா, பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் எனும் தகடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவை எல்லாம்.

காரணம் இதுதான். பிளேடின் முன்பக்கப் பற்கள் மேசையை நோக்கி இறங்கி அறுக்கின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி ஏறுகின்றன. ஃபென்ஸின் பின்முனை பிளேடின் பக்கம் சற்றே சாய்ந்திருந்தாலும் பலகை இரண்டுக்கும் நடுவில் நெருக்குண்டு, ஏறிவரும் பற்களில் மாட்டி, அறுப்பவரின் வயிற்றை நோக்கிப் பாய்ந்துவிடும். கிக்பேக் என்று அஞ்சப்படுவது இதைத்தான். அறுபட்ட மரம் உள்ளிறுக்கம் தளர்ந்து தானாக மூடிக்கொண்டாலும் இதே ஆபத்து உண்டு. அப்போது பிளவை மூடவிடாமல் காப்பது ரைவிங் நைஃப். பிளேடை ஏற்றி இறக்கும்போது அதுவும் உடன் ஏறி இறங்க வேண்டும். அது இல்லாத ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

ஜாலான் புசார் வட்டாரக் கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கும் ரம்பத்தை நேரில் சோதித்துவிட்டு வாங்குவது நல்லது. மின்இணைப்பை எடுத்துவிட்டு, பிளேடை முழுவதுமாக உயர்த்தி, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையில் ஓடும் நீளப் பள்ளத்திலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கத்தில் அளந்து, பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளந்து பாருங்கள்; இரு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பல்லை அளப்பதால் பிளேடில் உள்ள சிறு நெளிவு கணக்கைக் குழப்பாது. பிறகு ஃபென்ஸைப் பூட்டி, பள்ளத்திலிருந்து அதன் இரு முனைகளின் தூரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்த்தி, நகர்த்தி, மறுபடியும் பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு அளவு காட்டினால் அந்த ரம்பம் வேண்டாம்.

இந்தக் கண்ணோட்டத்தில் நான் பரிந்துரைப்பது டிவால்ட் நிறுவனத்தின் டிடபிள்யூஇ 7485. அதன் ஃபென்ஸ் பற்கள் வெட்டிய சட்டத்தின்மீது பற்சக்கரத்தால் நகர்வதால் முன்னும் பின்னும் ஒன்றாகவே இடம்பெயரும். 210 மி.மீ. பிளேடு ஏறத்தாழ 65 மி.மீ. ஆழம் அறுக்கும், வீட்டு மரச்சாமான்களுக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அரிது. ஃபென்ஸ் பிளேடிலிருந்து 622 மி.மீ. வரை விலகும் என்பதால் 1220 மி.மீ. அகலப் பிளைவுட்டைச் சரிபாதியாக்கலாம். ஆனால் முழுப் பலகை மின்தூக்கிக்குள் நுழைவதே சிரமம்; பிளைவுட் விற்கும் கடையிலேயே பெருந்துண்டுகளாக அறுத்து வாங்கிவந்து, துல்லியமான அறுப்பை மட்டும் வீட்டில் செய்யுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இவ்வகைச் சிறிய ரம்பங்களில் உள்ள கார்பன் பிரஷ் மோட்டார்கள் கடுமையாக இரையும். சத்தமான புதுப்பிப்பு வேலைகளை வீவக வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே அனுமதிக்கிறது; சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் அனுமதி இல்லை. நம்முடைய பொழுதுபோக்கு வேலைக்கும் அதையே எல்லையாகக் கொள்வதுதான் அண்டைவீட்டாருக்கு நியாயம். வார இறுதியில் மட்டுமே உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்றால், மேசை ரம்பமே வேண்டாம். கடையில் அளவுக்கு அறுத்து வாங்கி, வீட்டில் கைரம்பத்தாலும் இழைப்புளியாலும் வேலையை முடியுங்கள்.

மரத்தூளும் சிறிய விஷயமன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. தூசு உறிஞ்சியை ரம்பத்தில் தூள் வெளியேறும் துளையோடு இணைத்து, முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

இணையத்தில் அமெரிக்க விலையைக் கண்டு 120 வோல்ட் ரம்பத்தை வரவழைக்க வேண்டாம். நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு அது கனமான டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்கும், பிளேடின் நடுத்துளை அளவும் மாறுபடும். டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவாகாமல் மிச்சமாகும் பணத்தில் பிளைவுட்டுக்கென 48 அல்லது 60 பற்கள் கொண்ட பிளேடு ஒன்று வாங்குங்கள். ரம்பத்தோடு வரும் 24 பல் பிளேடு நீளவாட்டில் அறுக்க நன்றாக உதவும், பிளைவுட்டின் மேலடுக்கையோ பிய்த்துவிடும்.