பழைய ஃபிரிட்ஜை மாற்றலாமா? சமையலறைச் சாதனங்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபிரிட்ஜைப் பற்றியவை. சமையலறையில் இரவு பகலாக ஓடுவது அது ஒன்றுதானே!

கேள்வி: எங்கள் ஃபிரிட்ஜுக்கு 16 வயது. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிது வாங்கினால் மிச்சமாகும் கரண்டிலேயே போட்ட காசு வந்துவிடும் என்கிறான் மகன். உண்மையா?

பதில்: உண்மையாக இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் அவனும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் சிறிய மின்மீட்டர்கள் கிடைக்கின்றன. ஒன்றை மாட்டி ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம். ஐஸ் கரைக்கும் ஹீட்டர் ஓடிய நாளும் ஓடாத நாளும் ஒன்றாக இருக்காது. ஒரு வாரத்து யூனிட்டை 52-ஆல் பெருக்கினால் வருடக் கணக்கு வந்துவிடும். புதிய ஃபிரிட்ஜின் மின்சிக்கன லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, பழையது நாளுக்கு 2 யூனிட், புதியது 0.7 யூனிட் என்றால் வருடத்துக்கு மிச்சம் சுமார் 475 யூனிட். அதை உங்கள் ஊர் மின்கட்டணத்தால் பெருக்கி, ஃபிரிட்ஜ் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் மீட்டரை மாட்டுவதற்கு முன் பழையதற்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் பாருங்கள். கீல் பக்கத்தை யாருமே பார்ப்பதில்லை! பின்புறமோ அடியிலோ இருக்கும் கருப்புக் குழாய்களில் தூசி படிந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் துடையுங்கள். உள்ளேயிருந்து எடுத்த சூடு அந்தக் குழாய்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தூசி போர்த்தியிருந்தால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். அப்புறம், நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் 4 டிகிரியோ சற்றுக் குறைவாகவோ காட்டினால் சரி. ஃப்ரீஸருக்கு மைனஸ் 18 போதும். அதற்கும் கீழே வைப்பது கரண்டுக்குக் கேடு, வேறு லாபமில்லை.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், பழையது வீட்டை விட்டுப் போக வேண்டும். ‘இருக்கட்டுமே, தண்ணீர் பாட்டில் வைக்க உதவும்’ என்று மூலையில் ஓடவிட்டால் மகனின் கணக்கு தலைகீழாகிவிடும்.

கேள்வி: போன மாதம் வாங்கிய ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. கோளாறா?

பதில்: இன்வர்ட்டர் வகை என்றால் கோளாறில்லை. பழைய கம்ப்ரஸருக்கு முழு வேகம், இல்லையென்றால் ஓய்வு, இரண்டே நிலைதான். இது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெதுவாக நெடுநேரம் ஓடும். மொத்தத்தில் செலவு குறைவு. உள்ளே குளிர் சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பின் பின்னால் 1200 வாட் என்று இருக்கிறது, கையேட்டில் 800 வாட் என்று இருக்கிறது. எது சரி? இப்போதெல்லாம் சூடாக நேரம் எடுக்கிறது. திறந்து பார்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். வீட்டுச் சாதனங்களில் நான் பயந்து தொடுவது இது ஒன்றைத்தான்.

இரண்டு எண்களும் சரியே. 1200 சுவரிலிருந்து இழுப்பது, 800 உணவுக்குப் போய்ச் சேர்வது. வாங்கும்போது இரண்டாவதைப் பாருங்கள். அது இன்னும் அவ்வளவு தருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் சாதாரணத் தண்ணீர் எடுத்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு சக்தியில் சரியாக 2 நிமிடம் ஓடவிட்டு, கலக்கிவிட்டு, உடனே மறுபடி அளங்கள். எத்தனை டிகிரி ஏறியதோ அதை 35-ஆல் பெருக்கினால் வாட் கணக்கு சுமாராக வரும். 22 டிகிரி ஏறினால் 770. அடுப்பு நன்றாகவே இருக்கிறது. 12 டிகிரிதான் ஏறியது என்றால் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் களைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பழைய அடுப்பில் அதை மாற்றுவதைவிடப் புதிது வாங்குவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

உள்ளே பொறி பறந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். பக்கச் சுவரில் இருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெய் படிந்து கருகியிருக்கும். அது மலிவான பாகம். கதவு வளைந்திருந்தாலோ, தாழ் சரியாகப் பூட்டாவிட்டாலோ அன்றே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்பு வாங்கினால் எல்லாப் பாத்திரத்தையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஒரு காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். கெட்டியாக ஒட்டினால் வேலை செய்யும். வெறும் அலுமினியமும் செம்பும் ஒட்டாது. எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. அடிப்பாகம் தட்டையாகவும் இருக்க வேண்டும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே சாதாரண எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டாதீர்கள். சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைக்க அவசரம் வேண்டாம், உள்ளே மின்விசிறி சற்று நேரம் ஓடி சூட்டைத் தணிக்கும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் வாங்குமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மிக்சியில் கருகல் வாடை, பொறி வேறு. கடையில் மோட்டார் போச்சு என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் இதே பேச்சை நம்பி நானும் ஒரு மிக்சியைப் போட்டிருக்கிறேன். அதற்குத் தேவைப்பட்டது இரண்டு கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் சிறு கரித்துண்டுகள்) என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. ‘மோட்டார் போச்சு’ என்றால் ‘மோட்டாரில் எது போச்சு?’ என்று கேளுங்கள். பொறி அதிகமாகப் பறந்தால் பெரும்பாலும் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் சுற்றியும் பிளேடு சுற்றாவிட்டால், ஜாருக்கு அடியில் அந்தச் சுழற்சியை பிளேடுக்குக் கடத்தும் கப்ளர் தேய்ந்திருக்கும். சட்டென்று நின்றால் அடிப்பக்கத்து ஓவர்லோடு பொத்தான் குதித்திருக்கும், ஆறவைத்து அமுக்குங்கள். மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) உண்மையிலேயே எரிந்திருந்தால் வார்னிஷ் கருகிய நெடி நாள் கணக்கில் போகாது. அப்போது விட்டுவிடலாம்.

புதிது வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இதன் கப்ளரும் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்குமா என்பதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஃபிரிட்ஜ்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு மாடலின் கடைசி ஃபிரிட்ஜ் விற்பனைக்கு வந்த பிறகும் தெர்மோஸ்டாட் போன்ற பாகங்கள் 7 வருடம், கதவு கேஸ்கெட் 10 வருடம் கிடைக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் போதாதா?

பதில்: செம்புக்காக அவர் குழாயை வெட்டுவார், அந்த நொடியே உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். அதுதான் பிரச்சினை. மிகப் பழைய ஃபிரிட்ஜ்களில் ஆர்-12 இருக்கும். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் விலக்கி வைத்த வாயு அது. அதன் பிறகு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ அது 1,400 கிலோ கரியமில வாயுவுக்கும் மேல். இப்போது பரவலாக இருக்கும் ஆர்-600ஏ இதிலெல்லாம் சாது, ஆனால் தீப்பற்றும். கதவுக்குள்ளும் சுவர்களுக்குள்ளும் இருக்கும் நுரையிலும் வாயு உண்டு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் இவற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் உடைப்பார். புதிது விற்பவரே பழையதை எடுத்துக்கொள்வார் என்றால், யாரிடம் ஒப்படைக்கிறார் என்று கேட்டு வையுங்கள். ஐ.நா. கணக்குப்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

ஆள் வரும்வரை வெளியே வைப்பதானால் கதவைக் கழற்றிவிடுங்கள். தாழ்ப்பாள் போட்ட பழைய ஃபிரிட்ஜுகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால்தான், உள்ளேயிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே போட்டது.

கேள்வி: வைஃபை உள்ள ஃபிரிட்ஜ் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், வைஃபை இல்லாமலும் அது ஃபிரிட்ஜாக வேலை செய்யும் என்றால்.

கேள்வி: புது ஃபிரிட்ஜை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உடனே போடலாமா?

பதில்: கூடாது. கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து, எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரமாவது விடுங்கள். நெடும் பயணம் என்றால் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள்.