பேட்டரிக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை. வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. போன மாதம் வரை மூன்று மணி நேரம் தாங்கியது. இப்போது இருபது நிமிடத்தில் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. கடைக்காரர், “லித்தியம் போட்டுடுங்க சார், பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேணாம்” என்கிறார். இன்வெர்ட்டரோடு சேர்த்து 45,000 ரூபாய். என் மைத்துனரோ அந்தப் பணத்தை மாடியில் சோலார் போடச் செலவழி, மானியமும் உண்டு, கரண்ட் போனாலும் கவலை இல்லை என்கிறார். வீட்டில் அம்மாவுக்கு ஆஸ்துமா. ராத்திரி ஃபேன் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், நெபுலைசரும் வைக்க வேண்டும். தானே புயலில் நாங்கள் பட்ட பாடு மறக்கவில்லை. எதைச் செய்யலாம்?

ச.

அன்புள்ள ச.,

‘போன மாதம் வரை மூன்று மணி நேரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் அதைக் காதில் வாங்கினாரா? வயதாகிப் போகும் பேட்டரி மூன்று மணி, இரண்டரை, இரண்டு என்று மெல்லத்தான் இறங்கும். ஒரே மாதத்தில் இருபது நிமிடத்துக்கு வந்தால் டெர்மினலில் உப்பு பூத்திருக்கலாம், தண்ணீர் வற்றியிருக்கலாம், இல்லையென்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் ஒன்று படுத்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் புது பேட்டரி தேவையே இல்லை.

நம் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டு பேட்டரியும் இப்படித்தான் மக்கர் செய்தது. மெக்கானிக் இன்வெர்ட்டரை அணைத்து வயரைக் கழற்றினார். பாசிட்டிவ் டெர்மினலைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக மாவு மாதிரி திரண்டிருந்தது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு மேலே ஊற்றினார். நுரைத்துக் கரைந்து ஓடியது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வயரை முடுக்கி, மேலே வாசலின் தடவினார். அதன்பிறகு அந்த பேட்டரி ஒன்றரை வருடம் ஓடியது. அடுத்த முறை மக்கர் செய்தபோது அதே மனிதர் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தார். ஐந்து செல்லில் 1.230 பக்கம் காட்டியது, நான்காவதில் மட்டும் 1.120. “இது முடிஞ்சுது சார்” என்றார். அதன்பிறகுதான் புதிது வாங்கினேன். உங்கள் பேட்டரிக்கும் இந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. சோதிக்காமல் விலை சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.

செல் போயிருந்தால் என்ன வாங்குவது? லித்தியம் நல்ல சரக்கு, அதில் சந்தேகம் இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஏறும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். ஆனால் அந்த ஆயிரக்கணக்கான முறை உங்களுக்கு எதற்கு? 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. நெய்வேலியை மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போது லித்தியம் கிடைத்திருந்தால் கடன் வாங்கியாவது போடச் சொல்லியிருப்பேன். இன்று நம் பக்கம் மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துகிறார்கள், மழை பெய்தால் அரை மணி, ஒரு மணி போகிறது. மற்ற நேரமெல்லாம் பேட்டரி முழுச் சார்ஜில் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற பேட்டரிக்கு மூன்று மடங்கு விலை கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. உங்கள் பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான சார்ஜிங் முறை இருக்காது. அதனால்தான் அதையும் மாற்றச் சொல்கிறார்.

டியூபுலர் வாங்கும்போது வாரண்டி அட்டையை நிதானமாகப் படியுங்கள். ‘60 மாதம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்குள் 36 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவது, மீதி 24 மாதம் ‘ப்ரோ-ரேட்டா’ என்று பிரிந்திருக்கும். அதாவது புது பேட்டரியின் எம்.ஆர்.பி.யில் ஒரு குறிப்பிட்ட பங்கு மட்டும் தள்ளுபடி. கடையில் விற்கும் விலையே எம்.ஆர்.பி.யைவிட மிகக் குறைவு என்பதால், தள்ளுபடி போக நிற்கும் தொகை சாதாரணமாக வாங்கும் விலைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். எனக்கு நாற்பதாவது மாதத்தில் இது நடந்தது, மனம் நொந்துவிட்டது. முழு இலவச மாதம் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். பழைய பேட்டரியை எடைக்குப் போடாமல் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், ஈயத்துக்கு நல்ல விலை உண்டு.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கூரையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஓடுவது பழைய ஃபேன்தானே? ஒன்று 75 வாட்ஸ் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட்ஸில் தருகிறது. 150 ஏ.எச். பேட்டரியில் 12 வோல்ட் கணக்கில் 1,800 வாட்-மணி இருந்தாலும், இன்வெர்ட்டரில் வீணாவது போகக் கைக்கு வருவது 1,200 என்று வையுங்கள். மூன்று பழைய ஃபேன், நான்கு எல்.இ.டி. விளக்கு, டி.வி., வைஃபை எல்லாம் சேர்ந்தால் 320 வாட்ஸ் ஆகும். நாலு மணி நேரம்கூட வராது. அதே மூன்றும் பி.எல்.டி.சி. ஆனால் 190-க்குள் அடங்கும், ஆறு மணி நேரம் தாண்டும். ராத்திரியில் இரண்டு ஃபேன், ஒரு விளக்கு என்றால் 70 வாட்ஸ்தான். இன்வெர்ட்டர் தானே தின்பதைக் கழித்தாலும் விடிய விடிய ஓடும். ஒரு ஃபேன் மூவாயிரம் ரூபாய் பக்கம் வரும். மூன்றும் புது டியூபுலரும் சேர்ந்தாலும் கடைக்காரர் சொன்ன தொகையைத் தொடாது, மீதி நாளெல்லாம் கரண்ட் பில்லும் குறையும். ரிமோட்டில் ஓடும் ஃபேன் என்றால் சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். என் வீட்டில் முதலில் அதை மறந்துவிட்டு ஃபேன் பழுது என்று நினைத்தோம்.

மைத்துனர் சொன்னதில் மானியம் உண்மை. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றோ அதற்கு மேலோ போட்டால் மொத்தம் 78,000 ரூபாய். ஆனால் ‘கரண்ட் போனாலும் கவலை இல்லை’ என்பது தவறு. மானியத்தில் பெரும்பாலோர் போடுவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார். லைனில் மின்சாரம் நின்றால், கொளுத்தும் வெயிலிலும் அது தானாக அணைந்துவிடும். அது அப்படித்தான் அணைய வேண்டும். தானே புயல் அடித்தபின் சாய்ந்த கம்பங்களை நட வெளிமாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் வந்து நம் தெருக்களில் ஏறினார்கள். செத்துக் கிடக்கிற லைன் என்று நம்பித் தொடுகிறவர் கைக்கு நம் மாடியிலிருந்து மின்சாரம் போகக் கூடாது. உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு 400, 500 யூனிட் வருகிறதென்றால் சோலாரைத் தனியாக யோசியுங்கள், பில்லுக்காக. இலவச யூனிட் போகக் கட்டுவது கொஞ்சம்தான் என்கிற வீடென்றால் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும்.

தானேயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அது கரையேறியபோது நான் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, அன்று மதியமே அடங்கிவிட்டது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டு வாசலில் செல்போன் சார்ஜ் போட வரிசையில் நின்றேன், பத்து ரூபாய். 45,000 ரூபாய் லித்தியமும் அந்த நாட்களைத் தாண்டியிருக்காது. அதனால் அம்மாவின் மூச்சை பேட்டரியை நம்பி விடாதீர்கள். கம்ப்ரஸர் நெபுலைசர் நூறு வாட்ஸ் பக்கம் இழுக்கும். பென்டார்ச் பேட்டரியில் ஓடுகிற மெஷ் நெபுலைசர் இருக்கிறது. மின்சாரமே வேண்டாத இன்ஹேலரும், அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் இருக்கின்றன. அம்மாவின் மருந்துக்கு எது ஒத்துவரும் என்று அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன் அது வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் பேட்டரி எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. படிக்கட்டுக்கு அடியில், தரையோடு தரையாக டிராலியில் என்றால் தூக்கி வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் அங்கே 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் பெண்ணையாற்று வெள்ளம் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் வந்தது. எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் முழங்கால் தண்ணீரில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் மூழ்கிப் போயின. இரண்டடி உயரத்தில் காற்றோட்டமான இடத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டு போதும். முதுநகர் தாழ்வான இடம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹைட்ரோமீட்டரில் நம்பர் என்ன வந்தது என்று எழுதுங்கள். ஆறு செல்லுக்கும் தனித்தனியாக.

அன்புடன்.