கவுன்சில் பராமரிப்பு நேரத்தைக் குறைத்தால் யாரிடம் கேட்பது?

இங்கிலாந்தில் அம்மாவுக்குக் கவுன்சில் தரும் பராமரிப்பு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் அமைப்பான சிக்யூசியிடம் (CQC) புகார் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். செய்யலாம், ஆனால் தீர்வு கிடைக்காது. 2023 முதல் அது கவுன்சில்களை மதிப்பிட்டுத் தரம் போடுகிறது, தனிநபர் புகாரைத் தீர்ப்பதில்லை.

முதலில் கவுன்சிலுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 2014 பராமரிப்புச் சட்டப்படி தேவை மதிப்பீடு, பராமரிப்புத் திட்டம் இரண்டின் நகலும் உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டும், கேட்டு வாங்குங்கள். கவுன்சில்கள் சறுக்குவது இங்கேதான்: முறையாக மறுஆய்வு செய்யாமலே நேரத்தை வெட்டியிருப்பார்கள். "கவனிப்பு சரியில்லை" என்று எழுதினால் எடுபடாது. "காலை 45 நிமிடம் 30 ஆனது, குளிப்பாட்ட நேரமில்லை" என்று தேதி போட்டு எழுதுங்கள்.

பதில் திருப்தி இல்லையா, அடுத்தது ஒம்பட்ஸ்மேன், அதாவது கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி. பிரச்சினை தெரிந்த 12 மாதத்துக்குள் போய்விடுங்கள். அவர் பரிந்துரை சட்டப்படி கட்டாயமல்ல. ஆனாலும் கவுன்சில்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன.