கடைசி விசில் வரைக்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கால்பந்துக் கேள்விகளைத் தனியே எடுத்து வைத்தேன். எல்லாமே நம் ஊர் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி பற்றியவை. எல்லாவற்றிலும் கோபம். நான் பெரம்பூர்க்காரி. 2014-ல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய நாளிலிருந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போய்வருகிறவள். உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் பேசுவதாகவே இந்தப் பதில்களைப் படியுங்கள்.

2015, 2018 இரண்டு கோப்பைகளையும் ஊரோடு கொண்டாடியவன் நான். 2024-25 சீசனில் 13 அணிகளில் 11-வது இடம். தோற்றுத் தோற்று ஆவடி லோக்கலில் வீடு திரும்பி அலுத்துவிட்டது. இனி மைதானத்துக்குப் போவதில்லை என்று சத்தியம் செய்யப் போகிறேன். இது துரோகமா?
(அம்பத்தூர் வாசகர்)

துரோகம் என்ற சொல்லை முதலில் தூக்கி எறியுங்கள் ஐயா. வேலை முடிந்த கையோடு ஓடி, ராத்திரி பதினொரு மணிக்கு வீடு சேர்ந்து, மறுநாள் காலை மறுபடி வேலைக்குப் போனவர் நீங்கள். அலுத்துப்போக உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் உங்களை அலுக்க வைத்தது தோல்விதானா? எனக்குச் சந்தேகம். 2018 மார்ச் 17-ஐ நினைத்துப் பாருங்கள். இறுதிப் போட்டி, பெங்களூரு கண்டீரவா மைதானம், எதிரில் பெங்களூரு எஃப்சி, ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல். அதற்குப் பிறகு நம் மெய்ல்சன் ஆல்வ்ஸ் இரண்டு முறை எழும்பித் தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட்டார், 3-2. அந்த அணிதான் அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு, 9 பாயிண்டோடு, பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. சாம்பியன் கடைசி இடத்தில்! வலித்தது. ஆனாலும் போனோம், கத்தினோம். ஊரே அதைப் பற்றிப் பேசியது. பேச ஏதோ இருந்தது.

என்னைச் சோர்வாக்கியது எட்டாவது இடம். 2020-21-ல் எட்டு. 2021-22-ல் எட்டு. 2022-23-ல் மறுபடி எட்டு. மூன்று சீசனுக்கு மூன்று கோச். அதில் முதல் சீசனில் 20 ஆட்டங்களில் 11 டிரா. முதல் இரண்டு சீசன்களும் கொரோனாவால் கோவாவில் பூட்டிய மைதானங்களில் நடந்ததால், கத்துவதற்குக்கூட வழியில்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆபீஸில் "என்ன, உங்க டீம் நேத்தும் தோத்துடுச்சா?" என்று சீண்டுவார்களே, அதுவும் நின்றுபோனது. யாரும் கேட்கவே இல்லை. அந்த மௌனம்தான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் கடைசி மூன்று இடம் வந்த அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். அதனால் அங்கே கடைசி ஆட்டம் வரை உயிரைக் கொடுத்து ஆடியே ஆகவேண்டும். நம் லீக்கில் மேலே ஏற ஒரு வழி திறந்தது. அதற்குக் கீழே இருந்த ஐ-லீக்கை வென்று 2023-ல் பஞ்சாபும் 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் உள்ளே வந்தன. ஆனால் நான் பார்த்த சீசன்களில் கடைசி இடத்துக்காக யாரும் கீழே இறக்கப்படவில்லை. கோப்பைக்கான கடைசிச் சுற்றான பிளே-ஆஃப் கதவு மூடிய பிறகு மிச்சமிருக்கும் ஆட்டங்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டும்தான். இறங்கிவிடுவோமோ என்ற பயம் இருந்தால் நல்லது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன், அது நம் அணியையே பாதித்தாலும்.

கட்டியதைக் காப்பாற்ற முடியாமல் போவதும் பெரிய வலி. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் கோச்சாக வந்தபோது நாம் கடைசிக்கு முந்தைய படியில் கிடந்தோம். அங்கிருந்து ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதிப் போட்டிக்கே போனோம். லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச் 14, ஃபட்டோர்டா மைதானம், கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத கேலரி, கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த சீசன் தொடங்கும்போது கோய்லும் ஜாம்ஷெட்பூரில், வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூரில். தொழில்முறை விளையாட்டில் ஒப்பந்தம் முடிந்தால் போவார்கள், அது அவர்கள் பிழைப்பு, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனசு எதைப் பற்றிக்கொள்வது? இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் ஒரே அணியைப் பார்த்தால்தானே அது நம்முடையது என்று தோன்றும்?

அதனால் ஒரு சீசன் ஓய்வெடுங்கள் ஐயா. சத்தியம் மட்டும் வேண்டாம். 2015-ல் பாதி சீசன் தாண்டியும் கடைசி இடத்தில் கிடந்த அணிதான் கோப்பை வாங்கியது. டிசம்பர் வெள்ளத்தில் ஊர் மூழ்கியதால் நம் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பக்கத்துத் தெருப் பையன் மாடிப்படியில் நின்று "அக்கா, மூணு-ஜீரோ!" என்று கத்தினான். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதேன்.

என் கணவர் மேட்ச் தோற்ற ராத்திரி யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. ஒரு பந்து விளையாட்டுக்கு இப்படியா? எப்படித்தான் சமாளிப்பது அக்கா?
(கொளத்தூர் வாசகி)

என் அப்பா அப்படித்தான். ரயில்வே வேலை. சின்ன வயதில் லீக் ஆட்டங்களுக்கு என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போவார். 2014-ல் எங்கள் ஊருக்கு ஐஎஸ்எல் வந்தபோது டிக்கெட்டை நான் வாங்கி அவரைக் கூட்டிப்போனேன்.

அந்த டிசம்பர் 16-ஐ மறக்க முடியாது. கேரளா பிளாஸ்டர்ஸோடு இரண்டாவது அரையிறுதி. கொச்சியில் 3-0 என்று தோற்று வந்திருந்தோம், எல்லாம் முடிந்தது என்றார்கள். ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, 90-வது நிமிடத்தில் ஜெஜே மூன்றாவதைப் போட்டார். கணக்கு சமம். முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். எக்ஸ்ட்ரா டைம். 117-வது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் கோல். இன்னும் மூன்று நிமிடம் தாங்கியிருந்தால் பெனால்டி ஷூட்-அவுட்.

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து பெரம்பூர் வரை அப்பா வாயே திறக்கவில்லை. வீட்டில் அம்மா தட்டு வைத்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். மறுநாள் காலை காபி கொண்டுபோனபோது, "அந்த ஜெஜே அடிச்சான் பாரு" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்த அரை மணி நேரத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதனால் அந்த ஒரு ராத்திரி அவரை விட்டுவிடுங்கள் தங்கச்சி. சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் நீங்களே "நேத்து என்னதான் ஆச்சு?" என்று கேளுங்கள். ஆனால் மௌனத்தைத் தாண்டித் தட்டை வீசுவது, பிள்ளைகளிடம் சீறுவது என்று போனால் பொறுக்காதீர்கள். கால்பந்தின் பெயரால் அதை மன்னிக்கக் கூடாது. தோற்றது பதினொரு பேர், அடி வாங்க வேண்டியது வீட்டுப் பிள்ளை இல்லை.

எங்கள் பேட்டையில் வீட்டுக்கு வீடு ஃபுட்பால் ஆடுகிறோம். சென்னை அணியில் சென்னைப் பையன் எத்தனை பேர்? நம்ம பசங்க இருந்தால் தோற்றாலும் தாங்கிக்கலாம் இல்லையா?
(வியாசர்பாடி வாசகர்)

தம்பி, உன் கேள்வியை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொள்கிறேன். 2018 அரையிறுதியில் கோவாவை இங்கே 3-0 என்று அடித்தோமே, ஜெஜே போட்ட இரண்டுக்கும் நடுவில் ஒன்று தனபால் கணேஷ் போட்டது. சென்னைப் பையன். அந்தக் கோலுக்கு ஸ்டேடியத்தில் எழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. சொந்தக்காரப் பையன் பரீட்சையில் முதலாவதாக வந்ததைக் கேட்ட வீடு போல.

பையன்கள் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரை வீடாக வைத்து ஆடிய சென்னை சிட்டி 2018-19 ஐ-லீக்கையே வென்றது. நம் அணி கடைசி இடம் வந்த அதே சீசன்! அங்கிருந்து வந்த எட்வின் வன்ஸ்பால் அடுத்த வருடமே நமக்காக ஆடினார். 2020-ல் நம்மிடமிருந்து கோப்பையைப் பறித்த ஏடிகே அணியில் கன்னியாகுமரிக் கடற்கரை எரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இருந்தார். சென்னையில் பிறந்த நந்தகுமார் 2023-ல் ஈஸ்ட் பெங்கால் சட்டையில், டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். கொல்கத்தாவில் ஒரு பாதி ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. எனக்குப் பெருமையாக இருந்தது, வயிறும் எரிந்தது.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-லிருந்து நான்கு. அதாவது பதினொரு பேரில் ஏழு பேர் இந்தியர்கள். நல்ல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை யாரும் பிடித்துவிடலாம். பின்னால் ஆடும் அந்த ஏழு பேர்தான் பட்டியலில் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். அனிருத் தாபா ஏழு சீசன் இங்கே ஆடி, கேப்டனாக வளர்ந்து, 2023-ல் மோகன் பகானுக்குப் போனபோது நாம் இழந்தது ஒரு நடுக்கள வீரரை மட்டும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஏழு பேரைப் புதிதாகத் தேடுவதைவிட, வியாசர்பாடியிலும் கன்னியாகுமரி கடலோரக் கிராமங்களிலும் பதினான்கு வயதில் பிடித்து வளர்ப்பது மெதுவான வேலை. அந்த மெதுவான வேலைக்காகப் பத்து வருடம் காத்திருக்கவும் நான் தயார்.

கிரிக்கெட்டில் நம்ம ஊர் அணி ஐந்து கோப்பை வாங்கியிருக்கிறது. அதைவிட்டு இதற்கு ஏன் அழ வேண்டும்?
(மயிலாப்பூர் வாசகர்)

இரண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் ஒருவன் நன்றாகப் படித்தால் இன்னொருவனை விட்டுவிடுவீர்களா ஐயா?

நன்றாக ஆடாத வீரரைப் பெயர் சொல்லித் திட்டுவது சரியா? பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேசிய கெட்ட வார்த்தைகளால் என் மகளைக் கூட்டிப்போகவே தயங்குகிறேன்.
(திருவொற்றியூர் வாசகி)

சரியில்லை. ஆட்டத்தைத் திட்டலாம், பந்தைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டிருந்தால் "முன்னாடி போடா!" என்று தொண்டை கிழியக் கத்தலாம், நானே கத்துவேன். அம்மாவை இழுப்பதும் நிறத்தை இழுப்பதும் ரசிகர் வேலை இல்லை. அப்படிப் பேசுகிறவரைத் திரும்பிப் பார்த்து "தம்பி, குழந்தை இருக்கு" என்று சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், பத்தில் எட்டுப் பேர் அடங்கிவிடுவார்கள். நீல சட்டையோடு மேளம் அடிக்கும் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் பசங்கள் பக்கம் மகளை உட்கார வையுங்கள். 3-0 என்று தோற்கும்போதும் பாட்டு நிற்காது. அவள் அதைப் பார்க்க வேண்டும்.

தோற்பது உறுதி என்று தெரிந்ததும் கூட்டத்துக்கு முன்னால் ரயிலைப் பிடிக்க 85-வது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறேன். நண்பர்கள் கோபிக்கிறார்கள். தப்பா?
(ஆவடி வாசகர்)

2019 நவம்பர் 25. ஹைதராபாத் எஃப்சி வந்திருந்தது. அதற்கு முன் ஆடிய நான்கு ஆட்டங்களில் நம் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஒன்றுகூட இல்லை. அன்றும் 85 நிமிடம் தாண்டி 0-0. மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம். "வா போகலாம், இன்னைக்கும் ஒண்ணும் நடக்காது" என்று எழுப்பினேன். அவள் வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ரிப்பன் மாளிகை விளக்குகள் தெரியும் இடத்துக்கு வந்திருந்தோம், பின்னாலிருந்து சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தம் கோலுக்கு மட்டும்தான் வரும். இன்ஜுரி டைமில் ஷெம்ப்ரி போட்டது. மகள் நின்றுவிட்டாள். திரும்பி ஓடலாமா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் பட்டென்று அறுந்தது. ஹைதராபாத் சமன் செய்துவிட்டது. சரி வா என்று இரண்டடி வைத்திருப்போம். மறுபடி ஒரு சத்தம், முதலாவதைவிடப் பெரிது, ரோட்டில் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். வால்ஸ்கிஸ். 2-1. அந்த சீசனின் முதல் வெற்றி.

ரயிலில் மகள் என்னோடு பேசவில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள், "அம்மா, அந்த மூணு கோலையும் நீ எனக்கு எப்போ காட்டுவே?"